கல்லாவில் இருந்த புராஜெக்ட்

இன்டர்வியூவுக்குப் போகிற இடத்திலெல்லாம் என்னிடம் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். "இது பி.பி.ஏ.வா, பி.காமா?" இரண்டும்தான் சார் என்பேன். "ரெண்டும்னா, எதுல நீங்க ஸ்ட்ராங்?" என்பார்கள். நியாயமாக நான் சொல்ல வேண்டிய பதில், எதிலும் இல்லை என்பது. மூன்று வருடம், காலையில் மேலாண்மை, மதியம் வணிகவியல், கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் ஒரு பட்டம். கல்லூரி நோட்டீஸில் 'ஒரே படிப்பில் இரண்டு பட்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். துணிக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்று அப்போதே யோசித்திருக்கலாம். பதினேழு வயதில் யாருக்கு அந்த யோசனை வரும்?

அப்பாவுக்கு வந்திருக்கலாம். தள்ளுபடி என்று எழுதிய கடைக்குள் காலே வைக்காதவர் அவர். ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன மனுஷனிடம் இரண்டு டிகிரி என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சந்தோஷப்பட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "பொண்ணு டபுள் டிகிரி படிக்குது" என்று சொன்னார். அண்டா வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் அதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, வாளி, ஜமுக்காளம், பிளாஸ்டிக் சேர், சாமியானா எல்லாம் உண்டு. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எதுவானாலும் சாமான் எங்களிடமிருந்து போகும். பெரிய சாமான்களைப் போட்டுவைக்க பாலக்கரையில் ஒரு குடோன் இருந்தது. கடை தாத்தா காலத்தில் தொடங்கியது, அதனால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. சித்தப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கடையை நடத்தியது அப்பா ஒருத்தர்தான்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் அப்பா கறார். அட்வான்ஸ் வாங்குவார், ஒரு கரண்டி குறைந்தாலும் விடமாட்டார், ஒடுங்கிப்போன தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுவார். துக்க வீடு என்றால் வேறு ஆளாகிவிடுவார். போன் வந்தால் ஒரே கேள்வி கேட்பார், "எந்த வீடு?" பதில் வந்ததும் சேரும் சாமியானாவும் கிளம்பிவிடும். அட்வான்ஸ் கிடையாது, சீட்டு கிடையாது. பெரும்பாலும் தானே போய் நின்று பந்தல் கட்டிவிட்டு வருவார். காரியத்துக்குப் போகிற பாத்திரங்களின் கழுத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இருக்கும், அவை கல்யாணத்துக்குப் போகாது. பதின்மூன்றாம் நாள் முடிந்து அவர்கள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது அப்பா எழுந்து நிற்பார். 'வாங்க' என்று சொல்ல மாட்டார், கிளம்பும்போது 'போயிட்டு வாங்க' என்றும் சொல்ல மாட்டார். தலையை மட்டும் அசைப்பார். துக்கத்துக்கு வந்தவர்களை மறுபடி வரச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு அது தொழிலில் முதல் பாடம்.

இதெல்லாம் இப்போது சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்கு வயிறு எரியும். என் ஸ்கூல் ஆண்டு விழாவில் நான் மேடையில் நின்றபோது அப்பா யாரோ ஒருவருடைய துக்க வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கும் அப்படித்தான். "அவங்க வீட்டுல இன்னிக்குத்தானே போயிருக்கார். உன் மார்க் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான், மார்க் மறுநாளும் அப்படியே இருந்தது. எனக்குத்தான் அதைக் காட்டுகிற ஆசை போய்விட்டது.

மூன்றாம் வருடம் புராஜெக்ட் வந்தது. ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போய், நாற்பத்தைந்து நாள் இருந்து, அதைப் படித்து ஐந்து அத்தியாயத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். இரண்டு டிகிரி என்பதால் மேலாண்மை பகுதியும் வேண்டும், கணக்குப் பகுதியும் வேண்டும். எங்கள் வகுப்பில் யாரும் எங்கேயும் போகவில்லை. அப்பா கடை, மாமா கடை, தெரிந்தவர் ஆபீஸ் என்று ஆளுக்கொரு லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கி வந்தார்கள். எங்கள் கடைக்கு லெட்டர்பேடே கிடையாது. என் புராஜெக்ட்டுக்காகவே அப்பா ஒரு கட்டு அடித்து வாங்கினார். "இன்ன மாணவி எங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார்" என்று ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டார்.

ரிப்போர்ட் எழுதுவது என்று நான் சொல்வது மரியாதைக்காக. எங்கள் துறையில் யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை. சீனியர்களிடமிருந்து பென் டிரைவில் வரும். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு நம் கம்பெனி பெயரைப் போடுவோம், சரக்கின் பெயரை எடுத்துவிட்டு நம் சரக்கைப் போடுவோம். கம்ப்யூட்டரே தேடி மாற்றிக் கொடுத்துவிடும். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடைகளில் பிரிண்ட் எடுத்து, அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்து வாங்க வேண்டியதுதான். ஆசிரியர்களுக்கும் இது தெரியும். அவர்களும் இப்படித்தானே வந்திருப்பார்கள்.

எனக்கு வந்தது மணப்பாறையில் ஒரு முறுக்குக் கம்பெனியைப் பற்றி ஒரு சீனியர் அக்கா கொடுத்தது. முறுக்கு என்று வந்த இடத்திலெல்லாம் வாடகைப் பாத்திரம் என்று மாற்றினேன். ஒரே சாயங்காலத்தில் நூற்றுப்பத்து பக்கம் தயார். கடைசி அத்தியாயம் 'பரிந்துரைகள்'. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். நான்கு கட்டம் போட்டு நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று எழுதுகிற பக்கம் அது. முறுக்குக் கம்பெனியின் பலவீனம் முறுக்கு சீக்கிரம் நமுத்துப்போவது. அண்டா எங்கே நமுக்கும்? அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொண்டுபோனேன். என் கைடு, அதாவது புராஜெக்ட்டுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த மேடம், பேனாவால் அந்தக் காலிக் கட்டத்தைத் தட்டினார்.

"பலவீனமே இல்லாத பிசினஸா? அப்ப எதுக்கும்மா ஸ்டடி பண்றோம்? எழுதிட்டு வா. இல்லன்னா மார்க் வராது."

லைப்ரரியில் உட்கார்ந்து எழுதினேன். 'உரிமையாளருக்கு முறையான கல்வி இல்லை. வியாபாரத்தையும் உறவையும் பிரிக்கத் தெரியாதவர். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற தெளிவு இல்லாதவர். இந்த நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பெரிய தடை அதன் உரிமையாளரே.' ஆங்கிலத்தில் நான்கு வரி. மூன்று வருடத்தில் யாரிடமிருந்தும் காப்பியடிக்காமல் நானாக எழுதியது அது ஒன்றுதான். பொய் சொல்லக் கூடாது, எழுதும்போது நன்றாக இருந்தது. ஆண்டு விழாவுக்கும் ரிசல்ட்டுக்கும் சேர்த்து எழுதின மாதிரி இருந்தது. பேனாவை மூடிவிட்டு கேன்டீனுக்குப் போய் ஒரு பஃப்ஸ் சாப்பிட்டேன்.

மேடம் அந்த நான்கு வரிக்குப் பக்கத்தில் 'குட்' என்று எழுதினார். நூற்றுப்பத்து பக்கத்தில் அவர் பேனா பட்ட இடம் அது மட்டும்தான். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்திர வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா?" என்று கேட்டார். உண்டு சார் என்றேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மூன்று பிரதி போட வேண்டும் என்பது விதி. ஒன்று துறைக்கு, ஒன்று மாணவிக்கு, ஒன்று நிறுவனத்துக்கு. நிறுவனத்துப் பிரதியை யாரும் நிறுவனத்துக்குக் கொடுப்பதில்லை, பழைய பேப்பரோடு போய்விடும். நானும் கொடுத்திருக்க மாட்டேன். என் பையிலிருந்து அப்பாதான் எடுத்தார். நீல அட்டையில் தங்க எழுத்தில் கடைப் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி ஆனது என்பதை நான் எழுதப் போவதில்லை. அன்றைக்கே அதை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாராம், எதற்கென்றால் டவுனில் இருக்கிற மொத்தக் கடைக்காரரிடம் காட்ட.

பிறகு அது கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூ வைத்தார். தராசு, சுத்தியல், பெயின்ட் டப்பா, என் புராஜெக்ட். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். "எல்லாம் நம்ம கடையைப் பத்தித்தாங்க. நூத்திப் பத்து பக்கம். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, நீங்க பாருங்க."

பார்த்தவர்கள் அநேகமாக முதல் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். வடக்கு உத்திர வீதியிலிருந்து வருகிற ஒருவர் மட்டும் அப்படியில்லை. ரிட்டயர்டு ஆபீசர், வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம்தான் எடுப்பார். நின்றபடியே புரட்டி, நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நான் உள்ளே சேர் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சாமி, எப்படி எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"இங்கிலீஷ் நன்னா இருக்கு" என்றார். புத்தகத்தை மூடி அவரே மேலே வைத்தார்.

அன்றைக்கே அதை எடுத்துக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை எடுக்கவும் போனேன். அப்பா "பத்திரம்மா, பத்திரம்" என்பார். அவருக்குத் தெரிய வழியே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆங்கிலம் தெரியாத அப்பா இருப்பது எவ்வளவு வசதி என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு வளைகுடாவில் வேலை போய்விட்டது. ஊருக்கு வந்து ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார், பிறகு கடைக்கு வர ஆரம்பித்தார். பங்கு உள்ளவர், வரக் கூடாது என்று யார் சொல்வது? மதியம் கடையில் ஆள் வராது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் புராஜெக்ட்டை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். தினமும் நாலு பக்கமாக அப்பாவுக்குப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டிருக்கிறார்.

எனக்கு இது தெரியாது. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். பாங்க் கோச்சிங், தில்லைநகரில் ஒரு கன்சல்டன்சி, "இது பி.பி.ஏ.வா, பி.காமா?" என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் கடைக்குப் போனபோது கல்லாவில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் காணவில்லை. பின்னால் சாமான் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜமுக்காளம் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"நீதானேம்மா எழுதியிருக்க. முதலாளி கஸ்டமர்கிட்ட நேரடியாப் பேசக் கூடாது, மேனேஜர் போடணும், மேற்பார்வையோட நிறுத்திக்கணும்னு. தம்பி படிச்சுக் காட்டினான்." சிரித்தார். "யோசிச்சா சரியாத்தான் இருக்கு."

பரிந்துரைகள். நான் திறந்தே பார்க்காத கடைசி அத்தியாயம். அந்த முறுக்குக்காரர் தன் பலகாரக் கடையில் வருகிறவர்களோடெல்லாம் ஊர்க்கதை பேசினாரோ என்னவோ, அதற்காக யாரோ ஒரு அக்கா எழுதினது. அல்லது அவளுக்கும் அவளுடைய சீனியர் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்துப் படித்தேன். அத்தனையும் இருந்தது. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே விதி, விலக்கே கூடாது. ஒவ்வொரு பில்லிலும் நன்றி சொல்லி, மறுபடி வரச் சொல்லி அழைக்க வேண்டும். எண்ணெயைத் தினமும் தவறாமல், பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில் மாற்ற வேண்டும்.

எண்ணெய்! அந்த வாக்கியத்தில் முறுக்கு என்ற சொல் இல்லாததால் கம்ப்யூட்டர் அதைத் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் கடைக்குப் போனபோது அப்பா சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் விளக்கைக் கையில் வைத்திருந்தார். முதல் நாள் எண்ணெயை ஒரு டம்ளரில் வடித்துவிட்டு, துடைத்து, புது எண்ணெய் ஊற்றினார். "தினமும் மாத்தணும்னு போட்டிருக்கியே. இதுவரைக்கும் தீர்ந்தா மட்டும்தான் ஊத்திக்கிட்டிருந்தேன். அதையெல்லாம் கூடவா கவனிச்ச?" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது பொரிக்கிற எண்ணெய்ப்பா, மணப்பாறை எண்ணெய்ப்பா என்று ஒரு வரி போதும். எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னால் மீதியும் சொல்ல வேண்டும். டபுள் டிகிரியே பென் டிரைவில் வந்தது என்று சொல்ல வேண்டும். வேலையும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அப்பா கண்ணில் எனக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான், அதையும் விட எனக்கு மனசில்லை. நான் தலையாட்டினேன்.

அதோடு நிற்கவும் இல்லை. சித்தப்பா கம்ப்யூட்டர் வாங்கினார், பில் போடுகிற சாஃப்ட்வேர் வாங்கினார். "நீதான் படிச்சவ, செட் பண்ணிக் குடு" என்று கூப்பிட்டார். நான்தான் உட்கார்ந்து கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் டைப் செய்தேன். பில்லின் அடியில் என்ன போடலாம் என்று சித்தப்பா கேட்டார். பரிந்துரையிலேயே இருக்கிறதே! 'நன்றி! மீண்டும் வருக!' என்று தமிழில் அடித்தேன். சுற்றிலும் சின்னதாகப் பூ டிசைன் வேறு போட்டேன். அழகாக இருந்தது.

இந்த ஊரில் பிறந்து, இந்தக் கடையில் வளர்ந்து, அப்பா எழுந்து நின்று தலையை மட்டும் அசைப்பதை நூறு தடவை பார்த்தவள் நான். எனக்கு அது உறைக்கவில்லை. அப்பா பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அவரைத்தான் நாங்கள் பின்னால் ஜமுக்காளம் மடிக்க உட்கார வைத்திருந்தோமே.

வடக்கு உத்திர வீதிக்காரரின் அம்மா தவறிப்போனார். அவர் அப்பாவின் செல்லுக்குத்தான் போன் பண்ணினார். அப்பா வழக்கம்போல "எந்த வீடு" என்று கேட்கக்கூட இல்லை, குரலை வைத்தே தெரிந்துகொண்டார். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று. சித்தப்பா அட்வான்ஸ் கேட்டார், ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். துக்க வீட்டுப் பையன் ஒருவன் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சாமான் ஏற்றிப் போனான். உத்திர வீதிக்காரர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

பதின்மூன்று நாள் கழித்துப் பாத்திரத்தோடு அவரே வந்தார். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன், பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது என்று சித்தப்பா கூப்பிட்டிருந்தார். பேப்பரைச் சரியாக வைத்தேன். பில் வந்தது. சித்தப்பா கிழித்துக் கொடுத்தார். அவர் பணத்தை வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடிவரைக்கும் படித்தார். எதையும் முழுதாகப் படிக்கிற மனுஷர்.

"மீண்டும் வருகவா?" என்றார். குரல் உயரவில்லை. "எங்காத்துல அடுத்தது யாரு போகணும்கறேள்? நானா, இல்ல எங்காத்துக்காரியா?"

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, அது கம்ப்யூட்டர்ல தானா வர்றது..." என்று இழுத்தார். அப்பா பின்னாலிருந்து வந்தார். வந்தவர் பில்லை அப்பா கையில் கொடுத்தார். அது தமிழில் இருந்ததால் அப்பாவால் படிக்க முடிந்தது. நான் எழுதினதில் அப்பா தானாகப் படித்த ஒரே வரி.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "சாமி, மன்னிச்சிருங்க" என்றார். அவர் அப்பாவைப் பார்த்தார், கல்லாவுக்கு மேலே இருந்த நீல அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உம்மைச் சொல்லலை ஓய்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வந்ததில்லை. அந்த வீதியிலிருந்தே வந்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு விஷயம் ஏழு பிராகாரமும் சுற்றிவர ஒருநாள் போதும்.

அன்று கடையில் அண்ணன் தம்பிக்கு வாக்குவாதம். "நானா எழுதினேன்? உன் பொண்ணு எழுதினதுதானே? ரூல் ரூல்னு நீதானே அண்ணே செய்யச் சொன்ன?" என்றார் சித்தப்பா. அவர் மேல் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு, ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "புள்ளை எழுதினது சரிதான். நம்மதான் இடம் பார்த்துச் செய்யலை" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

மறுநாளிலிருந்து அப்பா கடைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றார் முதலில். பிறகு எந்தக் காரணமும் சொல்லவில்லை. பில்லின் அடி வரியை நான் போய் எடுத்துவிட்டேன், ஆனால் எடுத்து என்ன? கடை சித்தப்பா கைக்குப் போய்விட்டது, பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமலே. அப்பா வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். அம்மா முருங்கைக்கீரை ஆயக் கொடுத்தால் ஆய்ந்தார். பதினாறு வயதிலிருந்து கடையில் இருந்தவர்.

ஒருநாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய செல் அடித்தது. திருவெள்ளறையில் யாரோ தவறிவிட்டார்கள். அப்பா இடது கையால் எடுத்து, "எந்த வீடு?" என்றார். பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, "கடை நம்பர் தரேன், எழுதிக்குங்க. அட்வான்ஸ் கேப்பாங்க, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிவிட்டு மோர்சாதத்தைப் பிசைந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். நாக்கு குளறக் குளற எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ், சீனியர் அக்கா, மணப்பாறை, முறுக்கு, கம்ப்யூட்டர் மாற்றியது. மேனேஜர் போடச் சொன்னது நம் கடைக்கு இல்லை என்று சொன்னேன். ஒரே விதி என்று சொன்னது நம் கடைக்கு இல்லை. கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவே இல்லை. அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த எண்ணெய்?"

"முறுக்கு சுடற எண்ணெய்ப்பா."

அப்பா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "நான் பாட்டுக்கு தினமும் விளக்கைக் கழுவிக்கிட்டிருந்தேன் பாரு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நடுவுல ஒரு இடத்துல, இந்தக் கடை முன்னேறாததுக்கு முதலாளிதான் காரணம், படிப்பில்லாதவரு, வியாபாரம் தெரியாதவருன்னு இருந்துச்சே. தம்பி அதை ரெண்டு தடவை படிச்சான். அதுவும் அந்த முறுக்குக்காரரைப் பத்தி எழுதினதுதானா?"

அவர் எதற்காகக் கடையை விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பில் இல்லை, உத்திர வீதி இல்லை. அந்த நான்கு வரியை அவர் முன்பே கேட்டிருக்கிறார். கேட்ட பிறகு வந்த ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் வைத்திருக்கிறார்.

"ஆமாம்பா" என்றேன். "அதுவும் அவரைப் பத்தினதுதான்."

அப்பா தலையை அசைத்தார். பாத்திரம் திருப்ப வருகிறவர்களுக்கு அசைப்பாரே, அதே மாதிரி. தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"பாவம்மா அந்த மனுஷன்" என்றார். "அதை அவருக்கு யாரும் படிச்சுக் காட்டியிருக்கக் கூடாது."